பன்னிரண்டு அட்டையும் எண்பது ஜோடி செருப்பும்

ஒரு மருந்து அட்டையில் 28 நாளுக்கு 60 மாத்திரை. முதல் நாள் மட்டும் ஆறு: ரிஃபாம்பிசின் 300 மில்லிகிராம் இரண்டு, குளோஃபாசிமின் 100 மில்லிகிராம் மூன்று, டாப்சோன் 100 மில்லிகிராம் ஒன்று. இந்த ஆறையும் சுகாதார நிலையத்தில், பணியாளரின் கண்ணெதிரே விழுங்க வேண்டும். மீதி 27 நாளும் வீட்டில், தினம் இரண்டு: குளோஃபாசிமின் 50, டாப்சோன் 100. இப்படிப் பன்னிரண்டு அட்டை தீர்ந்ததும், கிருமி அதிகமுள்ள வகைத் தொழுநோய் குணமானது என்று பதிவேட்டில் எழுதி, சிகிச்சையில் இருப்போர் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள்.

பெரியவர் ஒருவருக்கு ஆகும் மொத்த மருந்தைக் கூட்டிப் பார்க்கலாம்.

ரிஃபாம்பிசின்: 600 மி.கி. × 12 = 7.2 கிராம்
குளோஃபாசிமின்: (300 + 50 × 27) மி.கி. × 12 = 19.8 கிராம்
டாப்சோன்: 100 மி.கி. × 28 × 12 = 33.6 கிராம்
மொத்தம்: 720 மாத்திரை, 60.6 கிராம்
நோயாளி கொடுக்கும் விலை: 0 ரூபாய்

கிருமி குறைவாக உள்ள வகைக்கு ஆறு அட்டை போதும். அந்த வகைக்கு நெடுங்காலம் இரண்டு மருந்துதான் கொடுத்தார்கள்; 2025 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் அதற்கும் மூன்று மருந்து.

விலைக்கு நேரே சுழியம் வந்தது 1995இல். உலக சுகாதார நிறுவனத்தின் வழியாக இந்த மருந்து எல்லா நாடுகளுக்கும் இலவசம் என்று அந்த ஆண்டில் ஆனது. முதல் ஐந்தாண்டுச் செலவை ஜப்பானின் நிப்பான் அறக்கட்டளை ஏற்றது. 2000 முதல் நோவார்ட்டிஸ் நிறுவனம் மருந்தாகவே கொடுத்துவருகிறது. ஒரு மாவட்டத்தின் ஓராண்டு நோயாளிகள் அத்தனை பேருக்குமான மருந்தையும் ஒரு சிறு அறையின் அலமாரியில் அடுக்கிவிடலாம். தொழுநோய்ச் சேவை என்றதும் நம் மனதில் எழும் பிரம்மாண்டமான தியாகச் சித்திரத்துக்கும் இந்த 60.6 கிராமுக்கும் பொருத்தமே இல்லை.

பொருத்தமில்லாததற்குக் காரணம் உண்டு. கிருமியைக் கொல்லும் செலவு வேறு. கிருமி செத்த பிறகு, உணர்ச்சி போன காலோடு ஒருவர் நாற்பது ஆண்டு நடப்பதற்கு ஆகும் செலவு வேறு. முதலாவதை உலகம் கட்டி முடித்துவிட்டது. இரண்டாவதைப் பெரும்பாலும் நோயாளியே கட்டிக்கொண்டிருக்கிறார். இதைச் சொல்லச் செங்கல்பட்டைவிடப் பொருத்தமான மாவட்டம் இந்தியாவில் இல்லை. படுக்கை, மரத்தடி, தடுப்பூசி, அறுவை, கடன் என்று இந்த நோய்க்கு மனிதர்கள் செய்து பார்த்த எல்லாமே இங்கே ஒருமுறை நடந்திருக்கிறது.

திருமணி: படுக்கைக் கணக்கு

செங்கல்பட்டு நகரை ஒட்டியது திருமணி. 1924இல் அங்கே வெலிங்டன் சீமாட்டியின் பெயரில் தொழுநோய்ச் சானடோரியம் ஒன்று அமைந்தது. அப்போது மருந்தென்று இருந்தது நீரடிமுத்து எண்ணெய். சித்த மருத்துவம் அறிந்த பழைய சரக்குதான். ஆங்கில மருத்துவர்கள் அதை ஊசிக்குழாயில் ஏற்றித் தோலுக்குள் செலுத்தினார்கள். வலி நிச்சயம், பலன் சந்தேகம். சிகிச்சை மாதக்கணக்கில் முடியாது, ஆண்டுக்கணக்கில் போகும்.

படுக்கைக்கு ஒரு கொடுமையான கணக்கு உண்டு. ஒருவர் ஐந்து ஆண்டு தங்குகிறார் என்று வைத்துக்கொண்டால், ஒரு படுக்கை பத்தாண்டில் இரண்டு பேருக்குத்தான் பயன்படும். நூறு படுக்கை போட்டாலும் இருநூறு பேர். ஒவ்வொருவருக்கும் ஐந்தாண்டும் சோறு, துணி, விளக்கு, கூரை. வெளியே மாவட்டத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் மருந்தில்லாமல் இருப்பார்கள். கருணை அதிகமாகச் செலவாகும் இடமும் குறைவான பேரை எட்டும் இடமும் ஒன்றாகவே இருந்தன. அதைச் சொன்னால் அங்கே உழைத்தவர்களைக் குறைத்ததாகாது. அன்று அதைத் தவிர வழி இல்லை.

1930களின் நடுவில் அங்கே மருத்துவராக வந்தவர் ராபர்ட் கோக்ரேன். மிஷனரிக் குடும்பத்தவர், பிடிவாதக்காரர். 1940களின் பிற்பகுதியில் டாப்சோனை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முன்னோடிகளில் அவரும் ஒருவர். அந்த வேதிப்பொருள் ஒன்றும் புதிதில்லை, 1908இலேயே ஆய்வகத்தில் செய்திருந்தார்கள். யாரும் இந்த நோய்க்கு அதை எடுக்காமல் நாற்பது ஆண்டு போயிற்று. மலிவான அந்த வெள்ளை மாத்திரை கைக்கு வந்ததும் படுக்கையின் நியாயம் ஆட்டம் கண்டது. ஊசிக்காக வளாகத்துக்குள் கிடக்க வேண்டியவர் இப்போது மாத்திரையை மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

1947இல் கோக்ரேனின் அழைப்பில் திருமணிக்கு வந்த பால் பிராண்ட் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் எலும்பு அறுவை மருத்துவர். விரல் மடங்கிப்போன ஒருவரிடம் கையை நீட்டி, எவ்வளவு முடியுமோ அவ்வளவு இறுக்கு என்றார். பிடி வலித்தது. கை ஊனம், ஆனால் பிடிக்கும் தசை முழுப் பலத்தோடு இருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது அந்த நொடியில்தான். இந்த ஊனத்தைப் பார்க்க உலகில் ஒரு எலும்பு மருத்துவரும் முன்வரவில்லை என்று கோக்ரேன் சொல்லியிருந்தார். அடுத்த ஆண்டே, 1948இல், வேலூரில் நல்ல தசையின் நாணை எடுத்துச் செயலிழந்த விரல்களுக்கு மாற்றிக் கட்டும் அறுவையை பிராண்ட் தொடங்கினார். விரல்கள் நோயால் உதிர்வதில்லை. உணர்ச்சி இல்லாததால் சுட்டும் வெட்டியும் அழுகியும் குறைகின்றன என்று அவர் நிறுவியது பிறகு. பராமரிப்புச் செலவு முழுவதும் நிற்பது இந்த ஒரு உண்மையின் மேல்தான்.

1955இல் இந்திய அரசு சானடோரியத்தை எடுத்துக்கொண்டு மத்திய தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனமாக்கியது. 1974இல் அது சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநரகத்தின் நேரடி அலுவலகமானது. இன்றும் அங்கே புண்ணுக்குக் கட்டுப் போடுகிறார்கள், நாண் மாற்று அறுவை நடக்கிறது, நாட்டின் பல மாநிலங்களிலிருந்து ஊழியர்கள் பயிற்சிக்கு வருகிறார்கள்.

பொலம்பாக்கம்: மரத்தடிக் கணக்கு

அதே 1955இல், அன்றைய மதுராந்தகம் வட்டாரத்தில், இன்றைக்குச் செய்யூர் வட்டம் என்று சொல்லும் பகுதியில், பொலம்பாக்கத்தில் ஒரு பெல்ஜியக்காரர் வந்து இறங்கினார். ஃபிரான்ஸ் ஹெமரைக்ஸ். அதற்கு முன் கால் நூற்றாண்டு காங்கோவில் தொழுநோய் பார்த்தவர். மருத்துவமனைச் சுவரை நம்பாதவர். ஊர் ஊராகச் சாலையில் வண்டி போகும். குறித்த நாளில், குறித்த மரத்தடியில் நிற்கும். நோயாளிகள் அங்கே வந்து மாத்திரை வாங்கிக்கொண்டு, புண்ணைக் காட்டிவிட்டு, வேலைக்குப் போய்விடுவார்கள். ஊர்க்காரர்கள் பார்த்துக்கொண்டே நடப்பார்கள்.

ஒரு மரத்தடிக்கு 50 பேர் என்று வைத்துக்கொள்வோம். வாரத்தில் ஆறு நாள், நாளைக்கு ஐந்து மரம்: 1,500 பேர். ஒரு வண்டி, ஒரு மருத்துவர், நாலைந்து பணியாளர். சோற்றுச் செலவு இல்லை, கூரைச் செலவு இல்லை. நோயாளியின் கூலி நிற்கவில்லை, குடும்பம் பிரியவில்லை. படுக்கைக் கணக்கில் பத்தாண்டில் இருநூறு என்று நின்ற எண் இங்கே ஒரு வாரத்தில் ஆயிரத்தைத் தாண்டுகிறது. எண்ணிக்கை என் ஊகம்தான். விகிதம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் ஊகம் இல்லை.

ஆனால் மரத்தடியின் உண்மையான வரவு வேறு. பொதுச் சாலையில், பட்டப்பகலில், வெள்ளைக்கார மருத்துவர் ஒருவர் கையுறை இல்லாமல் தொட்டுப் பார்க்கிறார் என்பதை ஊர் பார்த்தது. அதற்குக் கணக்கில் எந்தப் பத்தியும் கிடையாது. 1898இன் தொழுநோயாளர் சட்டம், வறிய நோயாளியைப் பிடித்துக் காப்பகத்தில் அடைக்க அனுமதித்த சட்டம், அப்போதும் நாட்டின் சட்டப் புத்தகத்தில் இருந்தது. அதை நாடாளுமன்றம் நீக்கியது 2016இல்தான். தொழுநோயை விவாகரத்துக்குக் காரணம் காட்டலாம் என்ற வாசகம் தனிநபர் சட்டங்களிலிருந்து போனது 2019இல். மரத்தடி முந்திக்கொண்டது, சட்டம் அறுபது ஆண்டு பின்தங்கி வந்தது.

ஹெமரைக்ஸுக்குப் பிறகு பொலம்பாக்கத்தை நடத்தியவர் கிளேர் வெல்லூட், அவரும் பெல்ஜியத்து மருத்துவர். இந்தியக் குடியுரிமை பெற்று இங்கேயே தங்கினார். 1981இல் பத்மஸ்ரீ. 2013இல் காலமானார். அவருடைய சேவையைப் புகழ்பவர்கள் அதிகம் சொல்லாத ஒன்று: அவர் எழுதி வைத்த ஏடுகள். ஒவ்வொரு நோயாளிக்கும் தேதி, வகை, மாத்திரை எண்ணிக்கை, வராத வாரங்கள் என்று பொலம்பாக்கத்தில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்த பதிவுகளை வைத்தே ஆய்வாளர் மிஷேல் லெஷாவும் வெல்லூட்டும் மற்றவர்களும் தொழுநோய்ப் பரவலுக்கான கணித மாதிரி ஒன்றை அமைத்து, 1974இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியிட்டார்கள். எங்கே எவ்வளவு பணம் போட்டால் நோய் எத்தனை ஆண்டில் எவ்வளவு குறையும் என்று கணிக்க முடிந்தது செய்யூர்ப் பக்கத்து விவசாயக் கூலிகளின் அட்டைகளால்தான். தன்னலமற்ற சேவைக்கு அன்புள்ள முகம் மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நல்ல குமாஸ்தாத்தனமும் ஒரு அருள்தான்.

கை நீட்டியவர்கள்

கொடையாளர் பட்டியல் போடும்போது வெளிநாட்டுப் பெயர்களும் அறக்கட்டளைகளும் முதலில் வரும். எண்ணிக்கை வரிசையில் போட்டால் முதலில் வர வேண்டியது இந்த மாவட்டத்துக் கிராமத்தார்.

1968 முதல் 1971 வரை, திருவள்ளூர் உள்ளிட்டதாக இருந்த அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனை நடந்தது. காசநோய்க்கான சோதனை. பதிவு செய்யப்பட்டவர்கள் 3,66,625 பேர். ஊசி போட்டுக்கொண்டவர்கள் 2,81,161 பேர். சிலருக்கு மருந்து, சிலருக்கு வெறும் திரவம், யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது. பதினைந்து ஆண்டு தொடர்ந்து பார்த்ததில், பெரியவர்களுக்கு அந்த ஊசி காசநோயைத் தடுக்கவில்லை என்று தெரிந்தது. உலகமே திகைத்த முடிவு. பி.சி.ஜி. பற்றிய விவாதங்களில் இன்றும் இது குறிப்பிடப்படுகிறது.

தொழுநோய்க்கென்றே ஒரு சோதனை 1991 ஜனவரியில் தொடங்கியது. சுமார் 3,00,000 மக்கள் தொகையில் 2,16,000 பேர் தகுதி உள்ளவர்கள். அவர்களில் 1,71,400 பேர் முன்வந்தார்கள். நூற்றுக்கு 79 பேர். கட்டாயம் இல்லை, கூலி இல்லை, தங்களுக்கு நோயும் இல்லை. இரண்டரை ஆண்டில் ஊசி போட்டு முடித்து, 1998 வரை வீடு வீடாகத் தோலைப் பார்த்தார்கள்.

முடிவு இது. பி.சி.ஜி. தனியாக: 34.1 சதவீதம் பாதுகாப்பு. பி.சி.ஜி.யோடு கொல்லப்பட்ட தொழுநோய்க் கிருமி: 64 சதவீதம். மும்பையில் உருவான ஐ.சி.ஆர்.சி. ஊசி: 65.5 சதவீதம். எம்.டபிள்யூ. என்ற ஊசி: 25.7 சதவீதம். முதல் இடங்களைப் பிடித்த இரண்டும் பொதுச் சுகாதாரத்துக்குப் பயன்படும் தரம் என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். எழுதிக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. குழந்தைகளின் தடுப்பூசி அட்டவணையில் இரண்டில் ஒன்றும் இல்லை. நோய் குறைந்துவிட்டது, இனி எதற்கு என்ற வாதம் ஒரு காரணம். அந்த வாதத்தின் எண்ணைச் சற்று உரசிப் பார்க்க வேண்டும்.

98 சதவீதம் என்னும் வித்தை

1981இல் இந்தியாவில் சிகிச்சையில் இருந்த தொழுநோயாளிகள் 39.19 லட்சம். 2025இல் 0.82 லட்சம். 98 சதவீதம் குறைவு. பத்தாயிரம் பேருக்கு 57.2 என்ற விகிதம் 0.57 ஆனது, 175 பேரில் ஒருவர் என்று இருந்தது 17,500 பேரில் ஒருவர். அரசின் கணக்கு. பொய்யில்லை.

ஆனால் இது எதை எண்ணிய கணக்கு? பதிவேட்டில் இன்றைக்கு எத்தனை பெயர் என்று எண்ணியது. டாப்சோன் மட்டும் இருந்த காலத்தில் கடுமையான வகை நோயாளி பல்லாண்டு, சிலர் ஆயுள் முழுக்க, மாத்திரை சாப்பிட்டார்கள். பெயர் பதிவேட்டில் கிடந்தது. 1981இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்தைப் பரிந்துரைத்தபோது அது இரண்டு ஆண்டானது. பிறகு, 1990களின் இறுதியில், ஓராண்டு. விடுதியில் தங்கும் நாள் பாதியானால் அறைகள் பாதி காலியாகும். விருந்தாளிகள் வருவது குறைந்ததாக அர்த்தமில்லை.

சரிபார்ப்பது எளிது. 2022–23இல் இந்தியாவில் புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் 1,03,819 பேர். இவர்களில் நூற்றுக்கு 60 பேருக்கு 12 மாதச் சிகிச்சை, 40 பேருக்கு 6 மாதம் என்று வைத்துக்கொண்டால், சராசரி 9.6 மாதம், அதாவது 0.8 ஆண்டு. 1,03,819ஐ 0.8ஆல் பெருக்கினால் சுமார் 83,000. அரசு சொல்லும் 0.82 லட்சம் அப்படியே வந்து உட்காருகிறது.

ஆகவே பார்க்க வேண்டிய எண் புதியவர்களின் எண். 2005இல் 1,61,457. அந்த டிசம்பரில்தான் தேசிய அளவில் தொழுநோய் ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக ஒழிந்தது என்று அறிவித்தோம். 2014–15இல் 1,25,785. 2022–23இல் 1,03,819. பதினேழு ஆண்டில் குறைந்தது 36 சதவீதம். நல்ல குறைவுதான், ஆனால் 98 இல்லை. 2022இல் உலகம் முழுவதும் 1,74,087 பேர். நூற்றுக்கு 60 பேர் நம்மவர்கள். இந்தியாவில் நாளொன்றுக்கு 284 பேர்.

இந்தக் கிருமி இரட்டிப்பாக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். தொற்றியதிலிருந்து அறிகுறி தெரியச் சராசரி ஐந்து ஆண்டு, சிலருக்கு இருபது ஆண்டு வரை. ஒழிந்தது என்று அறிவித்த ஆண்டில் தொற்றிய கிருமியின் தேமல் இப்போதுகூடத் தோன்றலாம். உடனிருப்பவர்களுக்கு ஒரே ஒரு முறை ரிஃபாம்பிசின் கொடுத்தால் முதல் இரண்டு ஆண்டில் ஆபத்து 57 சதவீதம் குறைகிறது என்று வங்கதேசத்தில் 28,092 பேரிடம் நடந்த ஆய்வு காட்டியது. பெரியவருக்கு 600 மில்லிகிராம். ஒரு நோயாளியின் முழுச் சிகிச்சைக்கு ஆகும் 7.2 கிராமில் உடனிருக்கும் 12 பெரியவர்களுக்குக் கொடுத்துவிடலாம். மருந்து பெரிய செலவே இல்லை. வீடு தேடிப் போகும் ஆளுக்குத்தான் செலவு. ஆஷா பணியாளர் இருக்கும் மாநிலங்களில் ஒரு நோயாளியைக் கண்டறிய உதவினால் 250 ரூபாய், பன்னிரண்டு அட்டையையும் முடிக்க வைத்தால் 600. ஓராண்டு அலைச்சலுக்கு 850 ரூபாய்.

குணமான பிறகு

முப்பது வயதில் ஒருவர் பன்னிரண்டு அட்டையை முடித்துவிட்டார். கிருமி இல்லை. ஆனால் கண்டறியத் தாமதமானதில் கணுக்காலுக்குப் பின்னால் ஓடும் நரம்பு போய்விட்டது, பாதம் மரத்துவிட்டது. எழுபது வரை இருப்பார் என்று வைத்துக்கொள்வோம். நாற்பது ஆண்டு.

அவருக்குத் தேவை எம்.சி.ஆர். செருப்பு. உள்ளே மெத்தென்ற நுண்துளை ரப்பர், கீழே முள்ளும் ஆணியும் ஏறாத கெட்டி அடி, மேலே இறுக்காத பட்டை. ஓர் ஆணிகூட அடிக்காமல் ஒட்டியும் தைத்தும் செய்ய வேண்டும், ஏனென்றால் ஆணி குத்தினால் அவருக்குத் தெரியாது. ஆண்டுக்கு இரண்டு ஜோடி என்பது கணக்கு. நாற்பது ஆண்டுக்கு 80 ஜோடி.

தினமும் பாதத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, தடித்த தோலைத் தேய்த்து, ஈரம் போகுமுன் எண்ணெய் தடவ வேண்டும். ஊறவைக்க மட்டும் இருபது நிமிடம். 365 × 40 = 14,600 முறை. 2,92,000 நிமிடம். 4,866 மணி நேரம். இரவும் பகலுமாகச் சேர்த்தால் 202 நாள் ஒருவர் பக்கெட் தண்ணீரில் கால் வைத்து உட்கார்ந்திருக்கிறார். எண்ணெய் விலையையும் பக்கெட் விலையையும் நான் சேர்க்கவில்லை. ஒருநாள் விட்டால் ஒன்றும் ஆகாது. ஒரு மாதம் விட்டால் வெடிப்பு, வெடிப்பில் மண், மண்ணில் சீழ், பிறகு எலும்பு.

இந்தக் கடற்கரையில் மக்கள் பிழைக்கும் தொழில்களை இதோடு வைத்துப் பாருங்கள். மாமல்லபுரத்தில் கருங்கல்லும் உளியும். கோவளத்திலிருந்து தெற்கே மீனவர் குப்பங்களில் கையில் உரசி ஓடும் நைலான் கயிறு, நண்பகலில் சுடும் மணல். கேளம்பாக்கத்திலும் செய்யூரிலும் உப்பளம். அங்கே செருப்புப் போட்டு நடப்பவர் யார்? செங்கல்பட்டுப் பக்கம் நாற்றங்காலும் செங்கல் சூளையும். உணர்ச்சி உள்ளவருக்கே கொப்புளம் தரும் வேலைகள். உணர்ச்சி இல்லாதவருக்குக் கொப்புளம் வந்தது தெரியாது. வேலையை மாற்று என்று மருத்துவர் சொல்வார். எந்த வேலைக்கு என்று சொல்லமாட்டார், அது அவர் துறை இல்லை.

மடங்கிய விரலுக்கு அறுவை செய்துகொண்டால் அரசு தரும் நல உதவி 12,000 ரூபாய், முன்பு 8,000. தாராளம்தான் என்று தோன்றும். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2025–26இல் குறித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். 12,000ஐ 336ஆல் வகுத்தால் 36 நாள். அறுவைக்கு முன் பயிற்சி, பிறகு சில வாரம் மாவுக்கட்டு, அதன் பிறகு புதிய நாணுக்கு வேலை பழக்கும் பயிற்சி எல்லாம் சேர்த்தால் வேலைக்குப் போகாத நாள் 36ஐச் சுலபமாகத் தாண்டும். அறுவை இலவசமாக இருந்தும் பலர் தள்ளிப்போடுவதற்கு அறியாமைதான் காரணம் என்று பேசுகிறவர்கள் இந்த வகுத்தலைச் செய்து பார்க்கலாம்.

தொழுநோயால் ஊனமுற்றவர்களுக்குத் தமிழக அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். நாளுக்கு 67 ரூபாய்; மாதம் முழுவதற்கும் சேர்த்து ஆறு நாள் கூலி. பல மாநிலங்களைவிட இது மேல். இதில் அரிசி வாங்கலாம், ரேஷனில் அதுவும் இலவசம். பஞ்சும் கட்டுத் துணியும் வாங்கி, திருமணிக்கோ தாம்பரத்துக்கோ போய்வர பஸ்ஸுக்கும் கொடுத்து, மீதி என்ன என்று கேட்டால் அந்த எண்ணைச் சொல்ல வெட்கமாக இருக்கும்.

பாரதபுரமும் கடனும்

நாடு முழுக்கத் தொழுநோயர் குடியிருப்புகள் சுமார் 750 என்பார்கள். செங்கல்பட்டை அடுத்த பாரதபுரம் அவற்றில் ஒன்று. ஒருகாலத்தில் சிகிச்சைக்கு வந்தவர்கள், குணமான பின்னும் ஊர் சேர்க்காததால் இப்படி அருகிலேயே குடியேறியதுதான் இத்தகைய குடியிருப்புகளின் பொதுக் கதை. அங்கே பிறந்த பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் நோய் இல்லை; முகவரிதான் நோய்.

முன்னாள் குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமனின் மகள் பத்மா வெங்கட்ராமன் இத்தகைய குடியிருப்புகளில் தானத்துக்குப் பதில் சிறு கடன் என்ற வழியை எடுத்தார். ஆடு, மாடு, பெட்டிக்கடை, பாய் வியாபாரம். கடன் என்றால் திருப்பிக் கட்ட வேண்டும். கட்ட வேண்டியவரிடம் யாரும் பரிதாபமாகப் பேசுவதில்லை. 2005இல் ஆஸ்திரிய ஓவியர் வெர்னர் டோர்னிக்கோடு சேர்ந்து பாரதபுரத்தில் பிந்து ஓவியப் பள்ளியும் தொடங்கியது. முதுமையில், விரல் இல்லாத கையில் தூரிகையைக் கட்டிக்கொண்டு வரைந்த படங்கள் ஐரோப்பிய நகரங்களில் காட்சிக்குப் போயின. அமெரிக்காவின் பெக்கி டக்ளஸ் தொடங்கிய ரைசிங் ஸ்டார் அமைப்பு, தொட்டநாவல் கிராமத்தில் இக்குடியிருப்புகளின் பிள்ளைகளுக்கு உறைவிடப் பள்ளி நடத்துகிறது. அதன் மருத்துவ வண்டி குடியிருப்பு குடியிருப்பாகப் போய்ப் புண் பார்க்கிறது. எழுபது ஆண்டுக்கு முன் பொலம்பாக்கத்து வண்டி செய்த அதே வேலை. மாத்திரை மாறியது, கட்டுத் துணி மாறவில்லை.

என் பார்வையில் இந்த முயற்சிகளில் நிற்பவை, மாதாமாதம் திரும்ப வரும் செலவை ஏற்றுக்கொண்டவை. நிற்காதவை, ஒரு நாள் செலவை ஏற்றுக்கொண்டவை. பிறந்தநாள், திருமண நாள், தாத்தாவின் திதி என்று கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக வந்து இறங்கும் பொட்டலங்களைக் குறை சொல்ல மனம் வராது. பசித்த வயிறு பொட்டலத்தைக் குறை சொல்லாது. ஆனால் ஐம்பது பேருக்கு ஒரு வேளைச் சாப்பாடு போடும் பணம் மறுநாள் காலையில் கணக்கில் சுழியம். அதே பணத்தில் சில ஜோடி எம்.சி.ஆர். செருப்பு ஆறு மாதம் ஆறு மாதமாகச் சில கால்களைக் காப்பாற்றும். ஒரு கால் போய்விட்டால் பிறகு எத்தனை வேளை போட்டாலும் ஈடாகாது.

ஆகவே கொடுக்க நினைப்பவர்களுக்கு மூன்று வேண்டுகோள். பொட்டலம் கட்டுமுன் குடியிருப்பின் தலைவரிடமோ கட்டுப் போடும் செவிலியரிடமோ என்ன தீர்ந்துவிட்டது என்று கேளுங்கள். பஞ்சு, கட்டுத் துணி, எண்ணெய், கால் அளவோடு செருப்பு, கண் மூடாதவர்களுக்குக் கறுப்புக் கண்ணாடி என்று பதில் வரலாம். ஒரே தொகையை ஒரே நாளில் கொடுக்காமல் பன்னிரண்டாகப் பிரித்துக் கொடுங்கள். படம் எடுக்காதீர்கள்.

கொடுக்க எதுவும் இல்லாதவர்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாருக்காவது வெளிறிய, அல்லது சிவந்த தேமல் இருந்து, கண்ணை மூடிக்கொண்டு பஞ்சால் தொட்டால் அந்த இடத்தில் தெரியவில்லை என்றால், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். பரிசோதனைக்குக் காசில்லை, மருந்துக்கும் காசில்லை. நரம்பு போவதற்கு முன் போய்விட்டால் அவருக்குச் செருப்பே வேண்டியிருக்காது.